புகாரின் திசை

விமானப் பயணத்தின் அவதிகளைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதற்கு ஏதாவது சமாதானம் சொல்லியாக வேண்டும். பஸ்ஸுக்கும் பாசஞ்சர் ரயிலுக்கும் காத்துக் கிடப்பவர்கள் நிறைந்த ஒரு தேசத்தில், பறக்க வசதியுள்ளவனின் முணுமுணுப்பைத் துயரம் என்று யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். எனக்கு இங்கே அவதி முக்கியமில்லை. புகார்தான் விஷயம். தனக்கு நேர்ந்த குறையை ஒருவன் இன்னொருவரிடம் எடுத்துச் சொல்வது ஒரு தார்மீகக் காரியம். சொல்கிறவன் வேண்டும், கேட்கிறவன் வேண்டும், கேட்கிறவனுக்குப் பதில் சொல்லும் கடமையும் அதற்கான அதிகாரமும் வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அது சத்தமாகிவிடுகிறது. மலிவுக் கட்டண விமானம் என்ற ஏற்பாடு இவற்றில் எதை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது, எடுத்துக்கொண்ட பிறகு நம் கோபம் எந்தப் பக்கம் போய்ச் சேருகிறது என்று யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை.

உத்தியோக நிமித்தம் மாதம் இரண்டு மூன்று முறை பறக்கிறவன் நான். எப்போதும் வாங்குவது இருப்பதிலேயே விலை குறைந்த டிக்கெட். ஒரு நாள் இரவு 9.40க்குச் சென்னையிலிருந்து டில்லிக்குக் கிளம்ப வேண்டிய விமானம். 9 மணிக்குக் கைபேசியில் செய்தி வந்தது, 10.50 ஆகும் என்று. பிறகு 12.15. பிறகு 1.40. ஒவ்வொரு செய்தியிலும் ஒரே விளக்கம்: செயல்பாட்டுக் காரணங்கள். இரண்டு மணி சுமாருக்கு, ரத்து என்று வந்தது. வாசலருகே மேஜைக்குப் பின்னால் ஒரே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். அவளைச் சுற்றி நூற்றைம்பது பேர். அசௌகரியத்துக்கு வருந்துகிறோம் என்ற வாக்கியத்தை அவள் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் முண்டிக்கொண்டு முன்னால் போய், ஏன் ரத்து, அடுத்த விமானம் எப்போது என்று கேட்டேன். அப்போது அவள் மனப்பாடத்தை விட்டு வெளியே வந்து சொன்னாள்: “எனக்கும் தெரியாது சார். உங்களுக்கு வர்ற மெசேஜ்தான் எனக்கும் வருது.”

நான் கத்தினேன். “தெரியாதுன்னு சொல்றதுக்கா உன்னை இங்க நிறுத்தி வச்சிருக்காங்க?” ‘நீங்கள்’ என்று பேச ஆரம்பித்தவன் ‘நீ’க்கு வந்துவிட்டிருந்தேன். அதை அப்போது நான் கவனிக்கவில்லை. சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அது தெம்பாக இருந்தது. அவள் பெயர் வில்லையில் இருந்த பெயரைக் குறித்துக்கொண்டேன். மறுநாள் கம்பெனியின் புகார்ப் படிவத்தை நிரப்பினேன். அதில் ‘ஏன்’ என்று கேட்க இடமில்லை. ஐந்து நட்சத்திரங்கள் இருந்தன. சம்பந்தப்பட்ட ஊழியரின் பெயர் தெரிந்தால் குறிப்பிடவும் என்று ஒரு கட்டம் இருந்தது. குறிப்பிட்டேன். ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது: ஊழியர் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது, அடுத்த பயணத்தில் தங்களுக்கு 500 ரூபாய் சலுகை.

பதிலைப் படித்த பிறகுதான் விஷயம் உறைத்தது. அந்த இரவு முழுக்க அந்தக் கம்பெனியின் தரப்பிலிருந்து எனக்குச் சொல்லப்பட்ட ஒரே உண்மையான வாக்கியம் அவள் சொன்னதுதான். என் புகார் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் போய் விழுந்திருந்தது.

*

இதைச் சொன்னதும் நண்பர் ஒருவர், “எல்லாம் இந்த மலிவு வந்து கெட்டது. ஏர்போர்ட்டே பஸ் ஸ்டாண்ட் மாதிரி ஆயிடுச்சு” என்றார். அடிக்கடி பறக்கிறவர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் இந்த வாக்கியத்தைக் கேட்கலாம். இதில் இரண்டு புகார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிரித்துப் பார்க்காமல் மேலே போக முடியாது.

முதலாவது, என்னைச் சரியாக நடத்தவில்லை என்பது. இரண்டாவது, என் பக்கத்தில் இவன் ஏன் உட்கார்ந்திருக்கிறான் என்பது. பஸ் ஸ்டாண்ட் என்ற உவமையில் குறிக்கப்படுவது கூட்டமும் அழுக்கும் மட்டும்தான் என்று நான் நம்பவில்லை. பஸ் ஸ்டாண்டில் யார் இருப்பார்களோ அவர்களும் அதில் குறிக்கப்படுகிறார்கள். மூட்டையோடு வருகிறவர்கள், நகரும் படியில் கால் வைக்கத் தயங்கி நிற்கும் கிழவி, வளைகுடாவுக்குக் கூலி வேலைக்குப் போகிறவன். இந்த இரண்டாவது புகார் பழைய புகார். ரயிலிலும், பள்ளிக்கூடத்திலும், கோயிலிலும் நாம் இதைக் கேட்டிருக்கிறோம்.

கடந்த காலத்தின் மரியாதையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த மரியாதை யாருக்குக் கிடைத்தது என்பதைச் சொல்வதில்லை. 1953இல் விமானக் கம்பெனிகள் அரசுடைமையாயின. அந்தச் சட்டம் 1994இல் விலக்கப்படும்வரை பெரும்பாலும் உள்நாட்டில் பறந்தவன் அதிகாரி, அல்லது கம்பெனிச் செலவில் போகிறவன், அல்லது பணக்காரன். தாமதம் அப்போதும் உண்டு. பதில் சொல்லாத அலட்சியமும் உண்டு. ஆனால் கோபித்துக்கொள்பவனுக்கு ஒரு மேலதிகாரியைத் தெரிந்திருந்தது. 2003இல் கோபிநாத் ஏர் டெக்கானைத் தொடங்கியபோது ஆர்.கே. லக்ஷ்மணின் சாமானியனை அதன் சின்னமாக வைத்தார். ஒரு ரூபாய்க்குக்கூட டிக்கெட் விற்றார். லக்ஷ்மணின் சாமானியன் வாய் திறந்து பேசாதவன், பார்த்துக்கொண்டு மட்டும் நிற்பவன். அவனை ஒரு விமானக் கம்பெனியின் பயணியாக வரித்ததில் யாரும் உத்தேசிக்காத ஒரு தீர்க்கதரிசனம் இருந்தது. 2007இல் அந்தக் கம்பெனி கிங்ஃபிஷரின் கைக்குப் போயிற்று; 2012இல் கிங்ஃபிஷரே பறப்பதை நிறுத்திவிட்டது. 2017இல் உடான் திட்டத்தின் முதல் விமானம் கிளம்பியபோது, ஹவாய் செருப்புப் போட்டவனும் பறக்க வேண்டும் என்று பிரதமர் பேசினார். அந்த ஆசையில் தவறு எதையும் நான் காணவில்லை. செருப்புப் போட்டவன் விமானம் ஏறியதால் என் கௌரவம் குறைந்துவிட்டதாக நான் நினைத்தால், அந்தக் கௌரவம் அவன் ஏறாமல் இருந்ததிலிருந்து எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது என்று அர்த்தம். அது குறைந்ததே நல்லது. இரண்டாவது புகாரை இத்தோடு விட்டுவிடுகிறேன். முதலாவது மட்டும் மிஞ்சுகிறது.

*

மலிவு எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவில் 1971இல் பறக்கத் தொடங்கிய சௌத்வெஸ்ட் கம்பெனியிடம், அடுத்த வருஷம் பணமுடையில் நான்கு விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்தது. நான்கு விமானங்களின் ஓட்டத்தை மூன்றை வைத்துக்கொண்டே நடத்தத் தீர்மானித்தார்கள். தரையில் நிற்கும் நேரத்தைப் பத்து நிமிஷமாகச் சுருக்கினால்தான் அது சாத்தியம். சுருக்கினார்கள். பின்னால் வந்த மலிவுக் கம்பெனிகள் அனைத்துக்கும் இதுதான் பாலபாடம்: விமானம் தரையில் நிற்பது நஷ்டம். இரண்டாவது பாடம், டிக்கெட்டைத் துண்டு போடுவது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற கம்பெனி 1981இலேயே பெட்டிக்குத் தனிக் காசு, சாப்பாட்டுக்குத் தனிக் காசு என்று பிரித்துவிட்டது. இன்று ஜன்னலோரம், கால் நீட்டும் இடம், முன்னால் ஏறும் உரிமை என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி விலை. பெட்டிக்குக் காசு வாங்காததையே பெருமையாகச் சொல்லிவந்த சௌத்வெஸ்ட்டும் 2025 மே 28 முதல் பெரும்பாலான பயணிகளிடம் வாங்கத் தொடங்கிவிட்டது.

அடிக்கடி பறக்கிறவர்களின் ஆத்திரம் பெரும்பாலும் இந்தத் துண்டு போடுதலின் மேல்தான். எனக்கு இதில் ஆத்திரம் வருவதில்லை. வெந்நீர் ஊற்றி மூடித் தருகிற உப்புமாவுக்குக் காசு கேட்பதில் என்ன அவமானம்? சாப்பிடாதவன் ஏன் சாப்பிடுகிறவனுக்காகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்? கான்ட் 1785இல் எழுதிய அறவியல் நூலில் விலை உள்ளவற்றையும் கண்ணியம் உள்ளவற்றையும் பிரிக்கிறார். விலை உள்ளதற்குப் பதிலாக இன்னொன்றை வைக்கலாம். கண்ணியம் உள்ளதற்குப் பதிலாக எதையும் வைக்க முடியாது. உப்புமாவும் ஜன்னலும் முதல் வகை. அவற்றுக்கு விலை சொல்வதால் யாரும் சிறுமைப்படவில்லை.

சீட்டில் எழுதாமலே எடுக்கப்பட்டது ஒன்று உண்டு. அதைச் சாவகாசம் என்று சொல்லலாம். ஒரு விமானம் பழுதானால் எடுத்துக்கொடுக்க நிற்கும் இன்னொரு விமானம், ஒரு விமானி களைத்துவிட்டால் ஏறுவதற்கு இருக்கும் இன்னொரு விமானி, பயணி கேட்டால் விஷயம் தெரிந்து பதில் சொல்லும் அதிகாரத்தோடு ஒரு மனிதர். இவை எல்லாம் பெரும்பாலான நாட்களில் சும்மா இருப்பவை. சும்மா இருப்பதைச் செலவு என்று பார்க்கிற கண்ணுக்கு இவை முதலில் தென்படும். பெட்டிக்குக் காசு கொடுத்தால் பெட்டியைக் கொண்டுபோகலாம். ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றால் எந்தக் கட்டத்தில் குறியிட்டு எவ்வளவு செலுத்துவது? அப்படி ஒரு கட்டமே கிடையாது. விலை போட்டிருந்தால் நாம் கவனித்திருப்போம். விலை போடாமலே எடுத்ததால்தான் போனது தெரியவில்லை.

2025 டிசம்பர் இதைப் பகிரங்கமாக்கியது. விமானிகள் சங்கங்கள் நீதிமன்றம்வரை போய்ப் போராடியதன் பின்னணியில், களைப்பைக் குறைக்கும் புதிய விதிகளின் முதல் கட்டம் 2025 ஜூலையிலும் இரண்டாம் கட்டம் நவம்பர் 1 அன்றும் அமலுக்கு வந்தன. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாயிற்று. இரவில் தரையிறங்குவது ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. விதிகள் 2024 ஜனவரியிலேயே வெளியிடப்பட்டவை. நாட்டின் மிகப் பெரிய கம்பெனியான இண்டிகோவிடம் அதற்கு வேண்டிய ஆட்கள் தயாராக இல்லை. டிசம்பர் 3 முதல் 5 வரை மட்டும் அதன் 2,500 விமானங்களுக்கு மேல் ரத்தாயின. மூன்று லட்சம் பயணிகளுக்கு மேல் தவித்தார்கள். பின்னால் நடந்த அரசு விசாரணையும், ஆட்களையும் விமானங்களையும் கடைசி மணிவரை பிழிந்தெடுப்பதிலேயே குறியாக இருந்து இடைவெளி வைக்காததைக் காரணமாகச் சொல்லிற்று.

சிக்கல் தீர்ந்த விதம்தான் என்னை உறங்கவிடாமல் செய்தது. இரவு வேலை பற்றிய விதிகளிலிருந்து அந்தக் கம்பெனிக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்குத் தரப்பட்டது. அதாவது விமானிக்குக் கொடுத்த தூக்கத்தில் கொஞ்சத்தைத் திரும்ப வாங்கி விமானங்களைப் பறக்கவிட்டார்கள். விமான நிலையத்தில் இரண்டு நாட்களாகக் கிடந்தவர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். நானாக இருந்தாலும் விட்டிருப்பேன். என் டிக்கெட்டின் மலிவில் ஒரு பங்கு யாரோ ஒருவருடைய தூக்கம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. இனிமேல் தெரியாது என்று சொல்ல முடியாது.

*

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் எழுதிய ஒரு சிறு புத்தகம் இங்கே உதவும். ஒரு ஸ்தாபனம் சீரழியும்போது அதைச் சார்ந்தவர்களுக்கு இரண்டு வழிகள் என்கிறார்: விலகிப் போகலாம், அல்லது குரல் கொடுக்கலாம். விசுவாசம் என்பது மூன்றாவது. அது ஒருவனைச் சட்டென்று விலகவிடாமல் நிறுத்தி, குரல் கொடுக்க வைக்கிறது. நைஜீரிய ரயில்வே லாரிகளின் போட்டி இருந்தும் திருந்தாததைப் பார்த்துத்தான் அவர் இந்த யோசனைக்கு வந்தார். குறை சொல்லத் தெரிந்தவர்கள் லாரிக்குப் போய்விட்டார்கள். ரயில்வே நிம்மதியாகக் கெட்டுப்போயிற்று.

நம் நிலையை இதோடு வைத்துப் பார்க்கலாம். விலகல்: எங்கே? கிங்ஃபிஷர் போன பின் ஜெட் ஏர்வேஸ் 2019இல் நின்றது, கோ ஃபர்ஸ்ட் 2023இல் நின்றது. 2025இல் உள்நாட்டுப் பயணிகளில் அறுபது சதவீதத்துக்கு மேல் ஒரே கம்பெனியில் பறந்தார்கள். ஒன்றின் மேல் கோபித்துக்கொண்டு நான் போய்ச் சேரும் இன்னொன்று, அதே பாடத்தைப் படித்ததாகத்தான் இருக்கும். விசுவாசம்: அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதத்தில் தன் புள்ளித் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து அது கணக்கில் ஏறும் ஒரு சரக்காகிவிட்டது. ஹிர்ஷ்மன் சொன்ன விசுவாசி, தன் ஸ்தாபனம் கெட்டுப்போவதைப் பொறுக்க மாட்டாமல் பேசுகிறவன். புள்ளி சேர்த்தவன் பேசுவதில்லை. சேர்த்தது வீணாகிவிடுமே என்று பொறுத்துப் போகிறான். குரலுக்குத் துணையாக இருந்த விசுவாசம் இப்போது குரலை அடைக்கும் துணியாகப் பயன்படுகிறது.

மிஞ்சியது குரல். அதைத்தான் அந்த இரவு நான் பிரயோகித்தேன். எங்கே போயிற்று அது? மேலே போக அதற்கு வழி இல்லை. விமானத்தை ரத்து செய்தவர் யார், எந்த அறையில் உட்கார்ந்து, எந்தக் கணக்கைப் பார்த்து ரத்து செய்தார் என்பது எனக்குத் தெரியாது; அவளுக்கும் தெரியாது. தண்ணீரைப் போலப் புகாரும் தாழ்ந்த இடத்தைத் தேடி ஓடிற்று. அங்கே மிகத் தாழ்ந்த இடம் அவள் நின்ற இடம். ஆர்லி ஹாக்ஷில்ட் என்ற சமூகவியலாளர் 1983இல் டெல்டா விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து எழுதினார். அவர்கள் விற்பது உடலுழைப்பு மட்டுமில்லை, தங்கள் உணர்ச்சியையும் அடக்கி ஆண்டு விற்கிறார்கள் என்றார். விற்பனைக்கு வைத்தது அப்போது புன்னகை. மேஜைக்குப் பின்னால் நின்ற இந்தப் பெண்ணிடம் கம்பெனி வாங்கியிருப்பது இன்னும் மட்டமான சரக்கு. பிறர் கோபத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் இடமாக நிற்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். அவளுக்குத் தகவல் தராமல் நிறுத்தியிருப்பதை நான் ஏதோ நிர்வாகக் கோளாறு என்று எண்ணியிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. தகவல் இருந்தால் பதில் சொல்லலாம். பதில் சொன்னால் அடுத்த கேள்வி மேலே போகும். தெரியாதவளை நிறுத்திவிட்டால் கேள்வி அவளோடு நின்றுவிடுகிறது.

*

மலிவாக வாங்கியவன் மலிவாகத்தான் நடத்தப்படுவான், இதில் தர்மம் எங்கே வந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு இரண்டு சட்டங்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்லியிருக்கின்றன.

ஐரோப்பாவில் 2005இலிருந்து அமலில் உள்ள விதியின்படி, கம்பெனியின் தவறால் கடைசி நேரத்தில் விமானம் ரத்தானால் தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ ஈட்டுத்தொகை. டிக்கெட் என்ன விலை என்ற கேள்வியே இல்லை. 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் வானம் மூடியபோது, அங்குள்ள பெரிய மலிவுக் கம்பெனியான ரயன்ஏர், சிக்கிக்கொண்டவர்களின் செலவில் டிக்கெட் விலைக்கு மேல் தர மாட்டோம் என்று முதலில் சொல்லி, பிறகு பின்வாங்கியது. 98 யூரோவுக்கு டிக்கெட் வாங்கிய ஒரு பெண், தங்கவும் சாப்பிடவும் செலவான 1,129 யூரோவைக் கேட்டு வழக்காடினார். பயணியைப் பராமரிக்கும் கடமைக்குப் பண உச்சவரம்பு இல்லை, நியாயமான செலவைத் தந்தாக வேண்டும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் சொல்லிற்று. நம் விதியிலும் ஈட்டுத்தொகை உண்டு. பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இவற்றில் எது குறைவோ அது.

‘எது குறைவோ அது’ என்ற சொற்களில் ஒரு தத்துவமே இருக்கிறது. உன் நேரம், நீ தவறவிட்ட சாவு வீடு, நீ போய்ச் சேராத நேர்முகத் தேர்வு எல்லாவற்றின் மதிப்பும் நீ கொடுத்த காசுக்கு மேல் போகாது என்பது அது. ஐரோப்பிய விதி மகான்கள் எழுதியதில்லை. ஆனாலும் டிக்கெட்டுக்கு விலை உண்டு, அதை வாங்கியவனின் நாளுக்கு அந்த விலை இல்லை என்ற வித்தியாசம் அதில் இருக்கிறது. உப்புமாவைத் துண்டு போட்டு விற்கலாம். ஆளையும் அதே கத்தியால் துண்டு போடும்போதுதான் தவறு தொடங்குகிறது. எந்த டிக்கெட் வாங்கியவனானாலும், ஏன் என்று கேட்டால் ஒரு மனிதர் தெரிந்து பதில் சொல்ல வேண்டும். இதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை. இதற்காக டிக்கெட் விலை ஏறும் என்றால், ஏறட்டும் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் எனக்கு ஏறுவதும் வளைகுடாவுக்குப் போகிற அவனுக்கு ஏறுவதும் ஒன்றல்ல. அவனிடம் கேட்காமல் நான் இதற்குச் சம்மதம் சொல்ல முடியாது. இந்த இடத்தில் எனக்குத் தெளிவு இல்லை.

தெளிவாக இருப்பது ஒன்றுதான். நமக்கு இழைக்கப்படும் அநீதி நம்மைத் தானாகவே நியாயவான்கள் ஆக்கிவிடுவதில்லை. அந்த இரவு நான் ஏமாற்றப்பட்டவன். அதே நிமிஷத்தில் இன்னொருத்தியின் பிழைப்பில் கை வைத்தவன். ஸ்தாபனம் என்னை அப்படி இயக்கியது என்பது உண்மை. படிவத்தில் அந்தக் கட்டத்தை அதுதான் வைத்தது. ஆனால் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கவும் முடிந்திருக்கும்.

பதில் கிடைத்த அன்றே இன்னொரு கடிதம் எழுதினேன். அந்தப் பெண் தவறு எதுவும் செய்யவில்லை, என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று. தங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று உடனே ஒரு செய்தி வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. அடுத்த முறை சென்னையில் அதே வாசலருகே வேறொரு பெண் நின்றுகொண்டிருந்தாள். விசாரிக்கலாம் என்று போய், விசாரிக்காமல் வரிசையில் நின்றேன். அவள் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கே எழுதவில்லை. ஒரு முறை எழுதியது போதும்.